வியர்வைக்கு ஒரு வாசல்

கனத்த பையைச் சுமந்துகொண்டு செங்குத்தான மலையில் ஏறுகிறவருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்க்கும். இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உடம்பெங்கும் பரவிக் கிடந்து செய்யும் வேலை அது. நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. அந்த வழி அடைபட்டால், உழைக்கிற வரைக்கும் உடம்பு கொதிக்கும். உட்கார்ந்ததும் அதே ஈரம் நடுக்கமாக மாறும். மலைக்குளிரில் ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள் எல்லோரும் மழையில் நனைந்தவர்கள் அல்லர். தம் வியர்வையிலேயே ஊறிப்போனவர்களும் அவர்களில் உண்டு.

ஆக, மழைக்கோட்டு என்பது மேலேயிருந்து விழும் தண்ணீரை மட்டும் நினைத்துச் செய்யக்கூடிய பொருள் இல்லை. வெளித்தண்ணீரை உள்ளே விடாமல், உள்தண்ணீரை வெளியே விட வேண்டும். நாள் முழுக்க மழையிலும் இதைச் செய்யும் ஒரு துணி கிடைக்க, முதல் மழைக்கோட்டுக்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. கிடைத்ததும் பாதி விடைதான் என்பது என் கட்சி. மீதிப் பாதியைத் துணி செய்வதில்லை. அதைப் போட்டுக்கொண்டிருக்கிறவரைச் சுற்றியுள்ள காற்று செய்கிறது. காற்று ஒத்துழைக்காத ஊரில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணியும் வெறும் உறைதான்.

கிளாஸ்கோவின் சார்லஸ் மெக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை பெற்ற துணியிலிருந்து தொடங்கலாம். தெருவிளக்குக்காக நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த காலம். அந்த ஆலைகளில் மிஞ்சிய தாரிலிருந்து நாப்தா கிடைத்தது. அதில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி, சேர்த்து அழுத்தினார். தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, போட்டவர் வருவதை மூக்கே சொல்லிவிடும் அளவுக்கு நாறியது. தையற்காரர்கள் வழக்கம்போல் ஊசி போட்டுத் தைத்ததால் தையல் ஓடிய இடமெல்லாம் ஒழுகியது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறை 1840களில் வந்த பிறகு பிசுபிசுப்பும் விறைப்பும் போயின. போகாத குறை ஒன்று இருந்தது. இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதுதான் அந்தக் கோட்டுக்குள்ளும் நடந்தது. இன்றைக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் அலுவலகம் போய் இறங்குகிறவரால், சட்டை நனைந்தது மழையாலா புழுக்கத்தாலா என்று சொல்ல முடிவதில்லை.

மெக்கின்டாஷுக்கு வெகுகாலம் முன்பே இதை வேறு மாதிரி யோசித்தவர்கள் உண்டு. அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளில் தோல்படகேறிக் கடல்வேட்டைக்குப் போனவர்கள், சீல், கடற்சிங்கம் இவற்றின் குடலைக் கழுவி, காற்றூதி உலர்த்தி, நீள நாடாக்களாகப் பிளந்து, நாடாக்களைச் சேர்த்துத் தைத்து மேலங்கி செய்தார்கள். தைக்கும் நூலும் விலங்கின் தசைநார்தான். நனைந்ததும் அந்த நார் உப்பி, தன் ஊசித்துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். கிளாஸ்கோ தையற்காரர்கள் தோற்ற இடத்தில் இந்தத் தீவுப் பெண்கள் ஜெயித்திருந்தார்கள்.

அதே உப்பலை இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனும் நம்பியது. மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி ஆய்வு நிலையம் பருத்தித் தொழிலுக்கான ஆராய்ச்சிக்கூடம். தீயணைப்புக் குழாய்க்கான சணல்நார்த் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதற்கு மாற்றாக நீள இழைப் பருத்தியை மிக நெருக்கி நெய்து பார்த்தார்கள். அந்த வழியில் வந்தது வென்டைல். பூச்சு கிடையாது, சவ்வு கிடையாது, பருத்தி மட்டும். காய்ந்திருக்கும்போது இழைகளுக்கு இடையே ஆவி போகும். நனைந்தால் இழைகள் உப்பி இடைவெளியை மூடிக்கொள்ளும். ஆர்க்டிக் கடல்வழியாக சோவியத் துறைமுகங்களுக்குப் போன சரக்குக் கப்பல்களைக் காக்க, ஹரிகேன் போர்விமானங்களைக் கப்பலின் மேலிருந்தே உந்தி எறியும் ஏற்பாடு அப்போது இருந்தது. எறிவதற்கு வழி உண்டு, திரும்பி இறங்கத் தளம் கிடையாது. சண்டை முடிந்த விமானி கடலில்தான் விழ வேண்டும். அந்தத் தண்ணீரில் சில நிமிடங்களில் முடியக்கூடிய உயிரை வென்டைல் உடுப்பு இருபது நிமிடம்வரை நிறுத்திவைத்தது. படகு வந்து தூக்க அந்த நேரம் பலருக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வகைத் துணிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது வென்டைல்தான். வானம் மாறியதும் தானும் மாறுகிற துணி. ஆனால் நனைந்தால் கனக்கும், காய நேரமாகும், நெய்யச் செலவு அதிகம். நாள் முழுக்க மழையில் நடக்கிறவருக்கு அது உதவாது. அடுத்து வந்தது நேர்மாறான யோசனை: எதற்குமே மாறாத, எதோடும் சேராத ஒரு பொருள்.

அந்தப் பொருளின் கதைக்குப் போவதற்கு முன் துளையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தண்ணீர் துளிக்கும் ஆவிக்கும் உள்ள வித்தியாசம் வெறும் அளவு சார்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்: துளி பெரிது, துளை சிறிது, அதனால் நுழையாது, ஆவி அதைவிடச் சிறிது, அதனால் நுழையும். சல்லடைக் கணக்கு. விளம்பரங்களும் இதையே சொல்கின்றன: ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடி துளைகள், ஒவ்வொன்றும் நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திரவத் தண்ணீருக்கு உருவம் கிடையாது. துளையின் அளவுக்கு அது தன்னைச் சுருக்கிக்கொள்ளும். பருத்தித் துணியிலும் மிக நுண்ணிய இடைவெளிகள் இருக்கின்றன, அவற்றில் தண்ணீர் தடுக்கப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. தடுப்பது துளையின் அளவு மட்டும் இல்லை. துளையின் சுவருக்குத் தண்ணீரைப் பிடிக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

பிடிக்காத சுவராக இருந்தால், துளையின் வாயில் தண்ணீர் பின்வாங்கிக் குவிந்து நிற்கும். பரப்பு இழுவிசை அதைத் துளிக்கே திருப்பி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உள்ளே தள்ள வேண்டுமானால் வெளியிலிருந்து அழுத்தம் தர வேண்டும். துளை எவ்வளவு குறுகுகிறதோ அழுத்தம் அவ்வளவு கூட வேண்டும். டெஃப்லான் போன்ற சுவருள்ள, ஒரு மைக்ரான் அகலத் துளைக்குக் கணக்குப் போட்டால் சுமார் நூறு கிலோபாஸ்கல் வருகிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அது. கடையில் மழைச்சட்டையின் அட்டையில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான். துணியின் மேல் அவ்வளவு உயரத் தண்ணீர்த் தூணை நிறுத்தினாலும் கசியாது. விழுகிற மழைக்கு அவ்வளவு வலு கிடையாது. ஆனால் பைவார் தோளை அழுத்தும் இடத்திலும், நனைந்த பாறையில் முட்டி போடும் இடத்திலும், உட்காரும் இடத்திலும் தண்ணீர் நசுங்கி உள்ளே புகப் பார்க்கும். அந்தப் பெரிய எண்கள் அதற்காகத்தான்.

ஆவிக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆவியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதில்லை. தனித்தனியாக அலைகின்றன. கூட்டமாக நிற்கும்போது நுழைய மறுத்த அதே தண்ணீர், பிரிந்து நிற்கும்போது சுவரைத் தொடாமலே கடந்து போய்விடுகிறது.

இனி அந்தப் பொருள். 1938 ஏப்ரல் 6. நியூஜெர்சியில் டியூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் குளிர்பதனப் பெட்டிகளுக்கான புதிய வாயு ஒன்றுக்காக முயன்றுகொண்டிருந்தார். உருளையின் வால்வைத் திறந்தால் வாயு வரவில்லை. உருளையோ காலியான எடையில் இல்லை. அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வழவழப்பான வெள்ளைப்பொடி. டெஃப்லான் என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான்: கார்பன் சங்கிலியை ஃப்ளூரின் அணுக்கள் சுற்றி மூடிய பொருள். அமிலம் அரிக்காது, எண்ணெய் பிடிக்காது, தண்ணீர் நனைக்காது. அது முதலில் போய்ச் சேர்ந்த இடம் சமையலறை இல்லை, அணுகுண்டுத் திட்டம். எதையும் தின்றுவிடும் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடைத் தாங்கக்கூடிய வெகுசில பொருள்களில் அதுவும் ஒன்று.

டியூபான்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பில் கோர் 1958இல் அதை விட்டு விலகி, மனைவி ஜெனிவீவோடு டெலவேர் மாநிலத்தின் நியூவார்க் ஊரில் தம் வீட்டு நிலவறையில் சொந்தத் தொழில் தொடங்கினார். மின்கம்பிகளுக்கு டெஃப்லான் உறை போடும் தொழில். மகன் பாப் கோர் பின்னால் சேர்ந்தார். டெஃப்லான் விலை கூடிய சரக்கு. அதை இழுத்து நீட்டி உள்ளே காற்றைப் புகுத்த முடிந்தால் குறைந்த சரக்கில் நிறைய நாடா செய்யலாமே என்பது 1969இல் அவருடைய கவலை. தண்டுகளை அடுப்பில் சூடாக்கி, பதம் பார்த்து, மெதுவாக இழுத்தார். கொஞ்சம் நீள்வதற்குள் முறிந்தன. சூட்டை மாற்றி மாற்றிப் பார்த்தும் முறிந்தன. அக்டோபரில் ஒரு நாள் எரிச்சலில் ஒரு தண்டை வெடுக்கென்று இழுத்தார். கைகள் அகலும் மட்டும் அது நீண்டது. ஏறக்குறைய பத்து மடங்கு. அறுபடவில்லை. தடிமன்கூட அவ்வளவாகக் குறையவில்லை. கூடிய நீளமெல்லாம் காற்று.

நுண்ணோக்கியில் பார்த்தால் அதில் துளை என்று சொல்லும்படி எதுவும் தெரியாது. சின்னச் சின்ன முடிச்சுகள், ஒரு முடிச்சிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் மெல்லிய இழைகள், இடையே வெற்றிடம். மெதுவாக இழுத்தால் சங்கிலிகள் வழுக்கிப் பிரிந்துவிடுகின்றன. வேகமாக இழுக்கும்போது இழைகளாகப் பிரிந்து தாங்கிக்கொள்கின்றன. இதே பொருள் இன்று நோயாளிகளின் உடம்புக்குள் செயற்கை ரத்தக்குழாயாக இருக்கிறது, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலாக இருக்கிறது, கிட்டார் தந்தியின் மேல் உறையாகவும் இருக்கிறது. மழைச்சட்டை அதன் பல வேலைகளில் ஒன்று.

இங்கே ஒரு கிளைக்கதை. நியூசிலாந்தைச் சேர்ந்த ஜான் கிராப்பர் 1966லேயே டெஃப்லான் நாடாவை இழுத்து நீட்டும் எந்திரம் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். காப்புரிமைக்குப் போகவில்லை, தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டார். கோர் 1970இல் விண்ணப்பித்து 1976இல் காப்புரிமை பெற்றார். கார்லாக் என்ற நிறுவனத்தோடு வழக்கு வந்தபோது கிராப்பரின் எந்திரம் சாட்சியாக எழுந்தது. 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கோர் பக்கம் நின்றது. முறையை மறைத்து வைத்துக்கொண்டு பொருளை மட்டும் விற்றவரைவிட, தாமதமின்றி விண்ணப்பித்து வெளியிட்டவருக்கே சட்டத்தின் ஆதரவு என்றது. நியாயம்தான். என்றாலும் எரிச்சலில் தண்டை இழுத்த கதை உலகமெல்லாம் சொல்லப்படும்போது, மூன்று வருடம் முன்னால் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த ஓர் எந்திரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1976இல் சியாட்டில் நகரத்தின் எர்லி விண்டர்ஸ் நிறுவனம், இழுத்து நீட்டிய டெஃப்லான் சவ்வை ஒட்டிய கோர்-டெக்ஸ் துணியை முதலில் வாங்கிக் கூடாரம் செய்தது. அடுத்து மழைச்சட்டை வந்தது. மலையேறுகிறவர்கள் கொண்டாடினார்கள். கொஞ்ச காலத்தில் புகார்கள் வரத் தொடங்கின: ஒழுகுகிறது. சவ்வு கிழிந்திருக்கவில்லை. மனித உடம்பை யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. வியர்வை வெறும் தண்ணீர் இல்லை. அதோடு தோலின் எண்ணெய்ப் பசையும் உப்பும் பூச்சி விரட்டும் களிம்பும் சேர்ந்து சவ்வின் இழைகளில் படிந்தன. தண்ணீரைப் பிடிக்காத சுவரில் தண்ணீருக்குப் பிடித்த பொருள் பூசப்பட்டுவிட்டது. மேலே சொன்ன அழுத்தக் கணக்கு முழுவதும் குலைந்தது. துளைகள் அதே அளவில்தான் இருந்தன, ஆனால் தண்ணீர் உள்ளே வந்தது.

இதற்குக் கண்ட தீர்வுதான் இந்தக் கதையில் பலருக்கும் தெரியாத பகுதி. 1970களின் முடிவில் சவ்வின் உட்புறத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒன்றைச் சேர்த்தார்கள். எண்ணெய் சவ்வைத் தொடாமல் அது காத்தது. ஆனால் அந்தப் படலத்தில் துளையே கிடையாது. ஊதினால் காற்று போகாது. வியர்வையின் ஆவி அந்தப் படலத்தில் கரைந்து, தண்ணீரோடு உறவுள்ள சங்கிலிகளைப் பற்றிப் பற்றி நகர்ந்து, மறுபுறம் போய் விடுபட வேண்டும். 900 கோடி துளைகளைப் பற்றிய விளம்பரம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தபோது, அவற்றின் உள்வாசலில் திரை போட்டாகிவிட்டிருந்தது. 1980களில் ஐரோப்பாவில் வந்த சிம்பாடெக்ஸ் துளைகளை முற்றிலும் விட்டுவிட்டு, கரைந்து கடக்கும் முறையை மட்டுமே நம்பியது. பின்னால் வந்த ஈவென்ட் திரையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இழைக்கும் எண்ணெய் ஒட்டாத பூச்சு கொடுத்துத் துளைகளைத் திறந்தே வைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, சண்டைகளும் உண்டு. அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஏனென்றால் இவை எதுவுமே வியர்வையை வெளியே தள்ளுவதில்லை.

தள்ளுவது வித்தியாசம். தோலருகே 34 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவியழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல். வெளியே 5 டிகிரிக் குளிரில் மழை பெய்கிறது, காற்றில் ஈரம் முழுதாக நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆவியழுத்தம் 0.9க்கும் குறைவு. ஸ்காட்லாந்து மலையிலோ ஆல்ப்ஸிலோ நடக்கிறவருக்கு உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே 4.4 கிலோபாஸ்கல் சரிவு கிடைக்கிறது. ஆவி அந்தச் சரிவில் இறங்கிப் போகிறது. துணி வழிவிட்டால் போதும். இப்போது வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று மாற்றுங்கள். வெளிக்காற்றின் ஆவியழுத்தமே 3.6. சரிவு 1.7ஆகச் சுருங்கிவிட்டது. தள்ளும் விசை பாதிக்கும் கீழே போய்விட்டது, ஆனால் அந்த வெக்கையில் உடம்பு சுரக்கும் வியர்வையோ கூடியிருக்கிறது. துணியில் எந்தக் குறையும் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் காற்றுதான் வாங்கிக்கொள்ள மறுக்கிறது.

குளிரிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. துணியின் உள்முகம் வெளிக்குளிரால் சில்லிட்டிருந்தால், ஆவி கடப்பதற்கு முன்பே அதில் பட்டுத் தண்ணீராகிவிடும். கையை உள்ளே விட்டுத் தடவினால் ஈரம். ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் கணிசமானவர்கள் தம் வியர்வையைத்தான் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

அட்டையில் போட்டிருக்கும் இன்னோர் எண், ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஆவியைக் கடத்தும் என்பது. 10,000, 20,000 என்று போட்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு வகுத்தால் 20,000 என்பது எண்ணூற்றுச் சொச்சம் கிராம். பார்த்தால் மலையேறுகிறவரின் வியர்வைக்குக் கிட்டத்தட்டப் போதும்போலத் தெரியும். ஆனால் சோதனைக்கூடத்தில் சரிவைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஒரு முறையில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, ஈரத்தை வெறியோடு இழுக்கும் உப்புக்கரைசலைத் துணியின் மறுபுறம் நிறுத்துவார்கள். கரைந்து கடக்கும் வகைச் சவ்வுகள் இதில் பிரமாதமாகத் தேறும். கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தால் அதே துணிக்கு மதிப்பெண் சரிந்துவிடும். வியர்க்கும் சூடான தகடு ஒன்றின் மேல் துணியை விரித்து அளப்பது மூன்றாவது முறை. எந்த முறை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போடுவது சந்தையில் சகஜம். இரண்டு கம்பெனிகளின் எண்களை ஒப்பிட்டு வாங்குகிறவர் ஏமாறுவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

1989இல் கோர் நிறுவனம் வாடிக்கையாளர் நனையாமல் இருப்பதற்கு உத்தரவாதம் என்று அறிவித்தது. அதற்காகத் தையல் ஓடும் இடங்களுக்கெல்லாம் உட்புறம் நாடாவைச் சூடாக்கி ஒட்டுவதைக் கட்டாயமாக்கிக் கண்காணித்தது. மெக்கின்டாஷ் காலத்து ஊசித்துளைக்கு ஒருவழியாக முடிவு வந்தது. ஆனால் உயர்ந்த விலைச் சட்டைகள் பலவற்றில் அக்குளின் கீழே நீள ஜிப் ஒன்று இருக்கும். ஏறும்போது திறந்துவிட்டுக்கொள்ள. அந்த ஜிப்பை வைத்தவர் எந்த விளம்பர எழுத்தாளரைவிடவும் நேர்மையானவர். சவ்வு எவ்வளவு நுட்பமானாலும், ஒரு சாண் நீளத் திறப்பு வெளியேற்றும் காற்றுக்கு அது ஈடாகாது என்று அவருக்குத் தெரியும்.

வெதுவெதுப்பான மழை பெய்யும் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. சிரபுஞ்சிப் பக்கத்துக் காசி மக்கள் மூங்கிலும் இலையும் கொண்டு பின்னும் நுப், தலையிலிருந்து முதுகு முழுவதையும் மூடும் கூரை. குனிந்து வயலில் வேலை செய்யலாம். இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கும். முன்பக்கம் திறந்தே கிடக்கும். கோணிச் சாக்கின் ஒரு மூலையை மற்றதற்குள் மடக்கித் தலையில் கவிழ்க்கும் நம்மூர்க் கொங்காணியும் அதே வகைதான். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு இன்னும் குறிப்பானது: அவர்களைத் தொடையோடு நனைப்பது வானத்து மழையைவிட, நனைந்த தேயிலைச் செடி. அது உரசும் இடத்தை மட்டும் மூடுகிறார்கள். இவற்றை நான் ரசனையோடு எழுதுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அட்டை கடிக்கும் சரிவில் நாள்கூலிக்கு நனைகிறவர்களுக்கு இதைவிட நல்ல உடுப்பு கிடைக்க வேண்டும். நான் சொல்வது பௌதிகம். சுற்றிலும் உள்ள காற்றே ஈரத்தை ஏற்க மறுக்கும் இடத்தில், உடம்பை உறைபோட்டு மூடி ஆவிக்கு நுண்ணிய வழி வைப்பதைவிட, மேலே மறைத்துக் கீழே திறந்துவிடுவது மேல். கோர்-டெக்ஸ் குளிர்நாட்டில் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து நடக்கிறவரின் உடுப்பு. வால்பாறைச் சாரலில் அதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர் விலையை மட்டும் சுமக்கிறார்.

சவ்வைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினாலும், போட்டிருப்பவர் கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் சவ்வை இல்லை. அதன் மேல் நைலான் அல்லது பாலியஸ்டர் துணி ஒட்டப்பட்டிருக்கிறது. புதுச்சட்டையில் தண்ணீர் உருண்டு ஓடுவது அந்த மேல்துணிக்குக் கொடுத்த பூச்சால். பூச்சு தேய்ந்தால் மேல்துணி தண்ணீரைக் குடித்துத் தொப்பலாகும். சவ்வு அப்போதும் தண்ணீரை விடாது. ஆனால் வெளியே தண்ணீர்ப் படலம் நிற்கும்போது ஆவி எங்கே போகும்? சட்டை சில்லிட்டுக் கனத்துத் தோலோடு ஒட்டும். ஆக மொத்த ஏற்பாடும் கடைசியில் ஒரு பூச்சின் தயவில் நிற்கிறது. நல்ல பூச்சு என்று பல பத்தாண்டுகள் பயன்பட்டது, எட்டுக் கார்பன் நீளமுள்ள ஃப்ளூரின் சேர்மங்களின் குடும்பம். தண்ணீரையும் எண்ணெயையும் ஒருசேர விரட்ட அதற்கு இணை இல்லை. அந்தக் குடும்பத்துப் பூச்சுகளிலிருந்து கசியும் பிஎஃப்ஓஏ என்ற அமிலம்தான் டெஃப்லான் தயாரிப்பிலும் உதவிப் பொருளாக இருந்தது.

மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் ஊருக்கு அருகே, ஒஹையோ ஆற்றங்கரையில் டியூபான்டின் ஆலை 1951லிருந்து அதைப் பயன்படுத்தியது. கழிவு ஆற்றிலும் மண்ணிலும் குடிநீரிலும் கலந்தது. 1998இல் தம் மாடுகள் விளங்காத நோயில் சாவதைப் படமெடுத்துக்கொண்டு ஒரு பண்ணைக்காரர் ராபர்ட் பிலாட் என்ற வழக்கறிஞரிடம் வந்தார். அங்கே தொடங்கிய வழக்கின் விளைவாக ஏறத்தாழ 69,000 பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. வழக்கின் சமரசப்படி அமைந்த அறிவியல் குழு 2012க்குள், சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு கோளாறுகளோடு அந்த அமிலத்துக்குத் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்று முடிவுசெய்தது. 2017இல் சுமார் 3,500 வழக்குகளுக்காக 67.1 கோடி டாலர் தர நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலக அளவில் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. எதோடும் வினைபுரியாது என்பதற்காகக் கொண்டாடிய அதே ஃப்ளூரின் பிணைப்பைத்தான் மண்ணும் நுண்ணுயிரும் உடைக்க முடியாமல் நிற்கின்றன. இயற்கையை அனுபவிக்கப் போகிறவர்களின் உடுப்பு என்பதால் இதில் கூடுதலாக ஓர் உறுத்தல் இருக்கிறது. மலையேறிகளின் சட்டைகளை கிரீன்பீஸ் பல ஆண்டுகள் குறிவைத்ததும் அதனால்தான்.

இப்போது சட்டம் வந்துவிட்டது. கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் துணிகளில் இந்தச் சேர்மங்கள் சேர்த்து விற்பதைத் தடுத்திருக்கிறது. கடும் மழைக்கான வெளிப்புற உடுப்புகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம், அதுவும் அட்டையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. கோர் நிறுவனமே டெஃப்லானை விட்டு, இழுத்து நீட்டிய பாலிஎத்திலீன் சவ்வை 2022 முதல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் பையின் அதே குடும்பத்துப் பொருள். 1969இல் பாப் கோர் கையில் பிடித்திருந்ததைவிட எளிய சரக்கு. மேல்பூச்சிலும் ஃப்ளூரின் போய் மெழுகும் சிலிக்கோனும் ஹைட்ரோகார்பன்களும் வந்துள்ளன.

இந்தப் புதிய பூச்சுகள் தண்ணீரை நன்றாகவே விரட்டுகின்றன, எண்ணெயை விரட்டுவதில்லை. கழுத்துப் பட்டியிலும் மணிக்கட்டிலும் பைவாரின் கீழும் உடம்பின் பிசுக்கு முன்பைவிடச் சீக்கிரம் படிகிறது. படிந்த இடத்தில் தண்ணீர் ஊறுகிறது. 1970களில் சவ்வைக் கெடுத்த அதே வியர்வைதான். அன்றைக்கு அதன் தொல்லையை ரசாயனத்தின் தலையில் கட்டினார்கள்; இப்போது அது சட்டைக்காரரின் வேலையாகத் திரும்பியிருக்கிறது. துவைக்க வேண்டும், அடிக்கடி. ஆனால் இவ்வளவு விலை கொடுத்த சட்டையைத் துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து, வருடக்கணக்காகத் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அப்படி வைப்பதே அதைக் கெடுக்கிறது. மிச்சமின்றி அலசிப் போகும் மென்மையான திரவச் சோப்பு போதும். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் கூடவே கூடாது, அது பூச்சின் மேல் தண்ணீர் ஒட்டும் படலமாக உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த பிறகு சூடு காட்டினால் படுத்துப்போன பூச்சின் சங்கிலிகள் மறுபடி நிமிரும். உலர்த்தும் எந்திரம் இல்லாத வீட்டில், இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, நடுவே ஒரு துண்டை விரித்துத் தேய்க்கலாம். ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். உருண்டு ஓடவில்லை என்றால் பூச்சு தீர்ந்துவிட்டது, தெளிக்கும் வகைப் பூச்சு வாங்கிப் புதிதாகப் போட வேண்டும்.